ஈகோ வேனுக்குள் ஐந்து சின்ன விளக்குகள்: 12 வோல்ட்டில் நீங்களே செய்துகொள்ள

வேனிலேயே படுத்து உறங்கிப் பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் வாங்கிவருவது ஐந்து மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் சுருளைத்தான். கூரையோரம் ஒட்டி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது. கொஞ்ச நாள் அழகாகவும் இருக்கும். வண்டியை வெயிலில் நிறுத்தி ஒரு கோடையைத் தாண்டிப் பாருங்கள். பசை இளகி ஸ்ட்ரிப் தலைமேல் தொங்கும். நடுநடுவே மும்மூன்று எல்இடியாக அணைந்து கிடக்கும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒரு வாட்டைச் சற்றே தாண்டுகிற நான்கும் அதைவிடச் சின்னதாக ஒன்றுமாக ஐந்து விளக்குகள், ஒவ்வொன்றும் வேலை நடக்கிற இடத்தில். வீட்டிலேயே செய்துவிடலாம். வழியில் பழுதானாலும் நீங்களே பிரித்துச் சரிசெய்யலாம்.

நான் தொலைபேசி இணைப்பகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இணைப்பகம் ஓடுவது 48 வோல்ட் டிசியில். இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும் பேட்டரி அறையில் வேலை பழகியவர்களுக்கு இரண்டு விஷயங்கள் ரத்தத்தில் ஊறிவிடும். குறைந்த வோல்டேஜ் ஷாக் அடிப்பது அபூர்வம், ஆனால் தாராளமாகத் தீ மூட்டும் என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடும் இணைப்பைத்தான் அதிக அக்கறையோடு போட வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் எங்கள் மாருதி ஈகோவுக்கு விளக்குப் போட்டேன். வண்டியின் உடலில் எதையும் மாற்றவில்லை. பின்பக்கம் கழற்றி எடுக்கக்கூடிய ப்ளைவுட் பெட்டிகள், மேலே மெத்தை, அவ்வளவுதான். இருக்கையைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது போன்ற மாற்றங்களுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். விளக்குப் போட அந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வோல்டேஜ் கணக்கு

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் கைவேலைதான். 12 வோல்ட் பேட்டரி என்று சொல்கிறோமே தவிர, அது 12 வோல்ட்டில் நிற்கும் நேரம் குறைவு. நிறைந்து ஓய்வாக இருக்கும்போது 12.7, 12.8 காட்டும். இன்ஜின் ஓடும்போதோ சோலார் பேனல் சார்ஜ் ஏற்றும்போதோ 14.4 வரை ஏறும். ராத்திரி முழுக்க எரித்தால் 12-க்கு இறங்கும்.

வெள்ளை எல்இடி ஒன்று எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடியை வரிசையாகச் சேர்த்து, கூடவே கரன்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். கத்தரிக்கோல் குறி மூன்று எல்இடிக்கு ஒருமுறை வருவது இதனால்தான். மூன்றும் சேர்ந்து 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி ரெசிஸ்டரின் மேல் விழும். ரெசிஸ்டர் 150 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 12 வோல்ட் கொடுத்தால் மீதி 3 வோல்ட், கரன்ட் 20 மில்லி ஆம்பியர். இதே ஸ்ட்ரிப்புக்கு 14.4 கொடுத்தால் மீதி 5.4 வோல்ட், கரன்ட் 36 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. கரன்ட் ஏறியது 80 சதவீதம். வீட்டு அடாப்டரின் நிலையான 12 வோல்ட்டுக்காகச் செய்த சரக்கு, அதன் எல்லைக்கே 20 மில்லி ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது எல்லை தாண்டி ஓடுகிறது. வண்டிக்குள்ளே வெயிலில் 50 டிகிரிக்கு மேல் சூடு வேறு. மும்மூன்றாக அணைவதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 வகை (5 மில்லிமீட்டர் சதுர எல்இடி) ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். ஐந்து மீட்டர் என்றால் 72 வாட், அதாவது 6 ஆம்பியர். யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-அவர் (ஏழு ஆம்பியரை ஒரு மணி நேரம் தருவதற்குச் சமமான அளவு) பேட்டரி அதற்கு ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

ஏறி இறங்கும் வோல்டேஜுக்குத் தீர்வு, கரன்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் டிரைவர் வைப்பதுதான் என்பார்கள். தவறில்லை. ஆனால் சல்லிசான டிரைவர் ரேடியோவில் இரைச்சல் போடும், கெட்டால் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது. நான் தேர்ந்தெடுத்தது அதைவிட எளிய வழி: 350 மில்லி ஆம்பியர் தாங்கும் 1 வாட் எல்இடிகளை அதில் மூன்றில் ஒரு பங்குக் கரன்ட்டில் ஓட்டுவது. மூன்று எல்இடி வரிசையாக, ஒரு 33 ஓம் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் 91 மில்லி ஆம்பியர், 12.5-ல் 106, 14.4-ல் 164. இங்கேயும் கரன்ட் அதே 80 சதவீதம் ஏறுகிறதுதான். ஆனால் ஏறிய பிறகும் எல்லையில் பாதியைத் தொடவில்லை. எல்இடி சூடாகாது, சூடாகாத எல்இடிக்கு ஆயுசு கெட்டி. ரெசிஸ்டரில் கால் பங்குக்கும் கொஞ்சம் மேல் மின்சாரம் வீணாகிறது. ஒன்றேகால் வாட் விளக்கில் அது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

எங்கே வைப்பது

வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் வண்டிக்குள் டார்ச்சோடு உட்காருங்கள். சமைப்பது எங்கே, படிப்பது எங்கே, ராத்திரி எழுந்து கால் வைப்பது எங்கே என்று டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். கூரை நடுவில் ஒரு பெரிய விளக்கு போட்டால் என்ன ஆகும்? நீங்கள் குனிந்து காய் நறுக்கும்போது உங்கள் தலை நிழலே கத்திமேல் விழும். படுத்தால் கண்ணைக் குத்தும்.

எங்கள் வண்டியில் இருப்பவை இவை. பின்கதவைத் தூக்கினால் சமையல் பலகை; அதற்கு மேலே இருக்கும் தட்டின் அடிப்பக்கம் ஒரு விளக்கு, கீழ்நோக்கி. தலைமாட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு படிப்பு விளக்கு. பெட்டியின் மேல்விளிம்பில் ஒளித்து வைத்து, கூரையைப் பார்த்து எரியும் ஒரு விளக்கு; வெளிர்நிறக் கூரையில் பட்டுத் திரும்பும் அந்த வெளிச்சம் வண்டி முழுக்க நிழலில்லாமல் பரவும். ஐந்தாவது, இழுவைக் கதவின் படியோரம் தரையைப் பார்த்து எரியும் சிவப்பு விளக்கு.

நிறம் முக்கியம். கடையில் ஒன்றும் சொல்லாமல் கேட்டால் 6500 கெல்வின் பளீர் வெள்ளையைத்தான் எடுத்துத் தருவார்கள். இளமஞ்சள் சாயலுள்ள ‘வார்ம் ஒயிட், 3000 கெல்வின்’ என்று கேட்டு வாங்குங்கள். பளீர் வெள்ளையை முதலில் பெட்டிமேல் வைத்து எரித்துக் காட்டியபோது என் மனைவி, "ஏங்க, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு. இதுக்குள்ள எப்படித் தூங்குறது?" என்றாள். தூக்கம் மட்டுமல்ல, பூச்சியும் ஒரு காரணம். வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடி, மேலே மஞ்சள் பூச்சு. பளீர் வெள்ளையில் நீலம் அதிகம் கசியும். இரவுப் பூச்சிகள் அந்த நீலத்தைத் தேடித்தான் வரும். வார்ம் ஒயிட்டில் பூச்சி வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் நன்றாகவே குறையும். தோப்பில் வண்டியை நிறுத்தித் தோசை வார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

வாங்க வேண்டியவை

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் முக்கால்வாசிப் பொருள் ஒரே நடையில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் பொருத்திய 1 வாட் வார்ம் ஒயிட் எல்இடி நான்கு விளக்குக்குப் பன்னிரண்டு. கையில் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும். 33 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் நான்கு. வெள்ளையாக, சிமென்ட் பூசிய செவ்வகக் கட்டியாக இருக்கும், மேலேயே மதிப்பு அச்சிட்டிருக்கும். 330 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு, 680 ஓம் கால் வாட் ஒன்று, 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி நான்கு. இரண்டு பக்கமும் எரிந்து நடுவில் அணையும் டாகிள் சுவிட்ச் இரண்டு, சாதாரண சுவிட்ச் மூன்று. சூட்டைக் கடத்தும் ஹீட் சிங்க் பேஸ்ட், சுருங்கும் ஸ்லீவ், எம்3 திருகாணி, அதற்கு ஃபைபர் வாஷர்.

ஃபைபர் வாஷரை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். நட்சத்திரத் தகட்டில் ஈயம் வைக்கும் இடமும் திருகாணி உட்காரும் பள்ளமும் ஒட்டி ஒட்டி இருக்கும். வெறும் இரும்புத் திருகாணியின் தலை இரண்டையும் தொட்டால் ஷார்ட்.

பிளேடு ஃப்யூஸ், ஒயரோடு வரும் ஃப்யூஸ் ஹோல்டர், துளையில் ஒயரைச் சுற்றி வைக்கும் ரப்பர் க்ரோமெட், ஒயர் முனையில் நெரித்துப் பொருத்தும் லக் எல்லாம் ஜி.பி. ரோட்டில் எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் உண்டு. எல்இடிகளைத் திருகிவைக்கும் அலுமினியப் பட்டை தனியாக வாங்க வேண்டாம். அலுமினியக் கதவு ஜன்னல் செய்கிற பட்டறையில் மிஞ்சிய துண்டு கேளுங்கள். 25 மில்லி அகலம், 3 மில்லி தடிமன் உள்ளதை 12 சென்டிமீட்டராக வெட்டித் தருவார்கள். பெயர்ப்பலகை செய்யும் கடையில், விளக்கின் முன்னால் மூடப் பால் நிற அக்ரிலிக் துண்டும் அப்படியே கிடைக்கும்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர், பல இழை, அசல் தாமிரம். இந்தக் கரன்ட்டுக்கு இவ்வளவு கனம் தேவையே இல்லை. 4 மீட்டர் போய்த் திரும்பினாலும் வோல்டேஜ் இழப்பு 0.02-ஐச் சுற்றித்தான் இருக்கும். கனம் கேட்பது குலுங்கலைத் தாங்கத்தான். மலிவு ஒயர்களில் அலுமினிய இழைக்குத் தாமிர முலாம் பூசி விற்கிறார்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விளக்கைச் செய்தல்

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது பற்றவைப்பில். நட்சத்திரத் தகடே அலுமினியம். அதை அலுமினியப் பட்டைமேல் திருகிவிட்டு ஈயம் வைக்கப் போனால், சால்டரிங் அயர்னின் சூட்டை எல்லாம் பட்டை குடித்துவிடும், ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கும். அதனால் வரிசையை மாற்றுங்கள். நட்சத்திரத்தை ஒரு மரத்துண்டின்மேல் வைத்து, 40 வாட்டுக்குக் குறையாத அயர்னால் முதலில் அதன் ‘+’, ‘−’ திட்டுகளில் ஈயப் பூச்சுக் கொடுங்கள். ஒயர் முனைக்கும் தனியாக ஈயம் ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடுதல். மூன்று விநாடிக்குமேல் அயர்னை வைக்காதீர்கள். ஈயம் பளபளப்பாக, ஒயரைத் தழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சரி. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

மூன்று நட்சத்திரங்களையும் வரிசையாகக் கோக்க வேண்டும்: முதலாவதின் ‘−’ இரண்டாவதின் ‘+’-க்கு, இரண்டாவதின் ‘−’ மூன்றாவதின் ‘+’-க்கு. முதலாவதின் ‘+’ பக்கம் 33 ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனைதான் விளக்கின் சிவப்பு ஒயர். மூன்றாவதின் ‘−’ கறுப்பு ஒயர்.

இப்போதுதான் பட்டையில் ஏற்றும் நேரம். நட்சத்திரத்தின் அடியில் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, ஃபைபர் வாஷரோடு திருகுங்கள். ரெசிஸ்டரைப் பட்டையின் பின்பக்கம் ஒட்டி, ஒரு சின்னத் தகட்டுக் கிளிப்பால் பிடித்துவிடுங்கள். 14.4 வோல்ட்டில் அது 0.9 வாட் சூடு தரும். 5 வாட் ரெசிஸ்டருக்கு அது பொருட்டில்லை, பட்டையும் பங்கு வாங்கிக்கொள்ளும். ப்ளைவுட்டில் நேராகப் படாமல் பட்டையை இரண்டு வாஷர் கனம் தூக்கிப் பொருத்துங்கள்.

வண்டிக்குக் கொண்டுபோவதற்கு முன் மேசையிலேயே சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, அலுமினியப் பட்டைக்கும் சிவப்பு ஒயருக்கும், பட்டைக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே அளந்து பாருங்கள். எந்த இணைப்பும் காட்டக்கூடாது. அப்புறம் மீட்டரை 10 ஆம்பியர் நிலைக்கு மாற்றி, விளக்கோடு வரிசையாகச் சேர்த்து 12 வோல்ட் கொடுங்கள். 0.09 முதல் 0.12 வரை காட்டினால் எல்லாம் சரி. சுழியம் காட்டினால் ஏதோ ஒரு நட்சத்திரம் தலைகீழாக இருக்கிறது. 0.2-க்கு மேல் போனால் உடனே அணைத்துவிட்டு ரெசிஸ்டரின் மதிப்பைப் பாருங்கள். முதலிலேயே 200 மில்லி ஆம்பியர் நிலையில் வைத்தால், ரெசிஸ்டர் மாறியிருக்கும் பட்சத்தில் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அரைமணி நேரம் எரியவிட்டுப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும், அதற்குமேல் போகக்கூடாது.

படிப்பு விளக்குக்கு நீளப் பட்டைக்குப் பதிலாக 6 சென்டிமீட்டர் வட்டத் தகடு. மூன்று நட்சத்திரமும் முக்கோணமாக அதில் அடங்கிவிடும். மூடியாக நான் வைத்திருப்பது கொட்டாங்குச்சி. தேங்காயை உடைத்தால் கண்ணுள்ள பாதி ஒன்று வருமே, அதுதான். மூன்று கண்ணில் ஒன்று மென்மையானது. அதைக் குத்தினால் ஒயர் நுழைய வேண்டிய துளை தானாகவே கிடைத்துவிடும். வெளிநாரை எல்லாம் சுரண்டி, உப்புத்தாளால் முதலில் கரகரப்பானது, பிறகு நைஸானது என்று தேய்த்து, கடைசியில் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் கருங்காலி நிறத்தில் மின்னும். வெளிச்சம் புத்தகத்தின்மேல் மட்டும் விழும். பக்கத்தில் தூங்குகிறவர் கண்ணில் படாது. ரெசிஸ்டர் மட்டும் கொட்டாங்குச்சியைத் தொடாமல் தகட்டோடு இருக்கட்டும்.

படிப்பு விளக்குகளுக்கு டிம்மர் வேண்டும் என்று தோன்றும். மின்னணு டிம்மர் வேண்டாம். இருபக்க டாகிள் சுவிட்சின் நடுக்காலில் பாசிட்டிவ் கொடுங்கள். ஒரு பக்கக் காலிலிருந்து நேராக விளக்குக்கு. மறுபக்கக் காலிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக அதே விளக்குக்கு. மேலே தட்டினால் படிக்கும் வெளிச்சம். கீழே தட்டினால் 10 மில்லி ஆம்பியர் அளவில் மங்கலாக எரியும், மூக்குக்கண்ணாடி தேட அது போதும். 330 ஓமை எடுக்கும்போது அதன் வண்ணப்பட்டையைப் பாருங்கள்: ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு என்றால் 33, ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330.

சிவப்பு விளக்கு எல்லாவற்றையும்விடச் சுலபம். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டில் எரியும். நான்கை வரிசையாகச் சேர்த்தால் 8 வோல்ட். 680 ஓம் சேர்த்தால் 12.5 வோல்ட்டில் 6.6 மில்லி ஆம்பியர். விடிய விடிய எரிந்தாலும் பேட்டரிக்குத் தெரியாது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஜவ்வாது மலைப்பக்கம் அமாவாசையை ஒட்டிப் போய்ப் பாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் காவலூர் வானோக்ககத்தை அந்த மலையில் அமைத்ததற்கு, அங்குள்ள இருட்டும் ஒரு காரணம். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரு வெள்ளை விளக்கை ஒருமுறை போட்டால் அத்தனையும் போய்விடும். மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தைக் கெடுப்பதில்லை. படியிறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும்.

ஃப்யூஸும் ஒயரும்

ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்ற வைப்பதில்லை, ஒயரைக் காப்பாற்ற வைப்பது. அதனால் அதன் இடம் பேட்டரிப் பக்கம்தான். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அந்த ஒரு சாணுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால்தான் அது ஒரு சாணாகவே இருக்கவேண்டும். ஐந்து விளக்கும் சேர்ந்து எரிந்தாலும் முக்கால் ஆம்பியரைத் தொடாது. 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், பிளேடு ஃப்யூஸில் அது ஊதா நிறம். 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம். நேராக ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும், ஒயர் சிவந்து மெத்தையைப் பற்றவைக்க விநாடிகள் போதும். பேட்டரியில் கை வைப்பதற்கு முன் மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விளக்குக்கும் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர் போடுங்கள். நெகட்டிவ்வை வண்டி உடலில் தட்டிவிட்டால் ஒயர் மிச்சமாகுமே என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். வண்டியின் சொந்த விளக்குகளுக்கு அது சரி. நமக்கு ஒத்துவராது. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலர்களில் மலிவானவை பலவும் நெகட்டிவ் பக்கத்தைத்தான் துண்டித்து இணைக்கும். பேட்டரியின் நெகட்டிவ்வும் விளக்கின் நெகட்டிவ்வும் அவற்றில் ஒன்றல்ல. இரண்டும் உடல் வழியாகச் சேர்ந்துவிட்டால், பேட்டரி இறங்கும்போது விளக்கை அணைக்கிற பாதுகாப்பு வேலை செய்யாது.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்படி ஒரு சாலையில் ஏறி இறங்கினால் இறுகாத எந்த இணைப்பும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் வைத்த ஒயர் ஈயம் முடிகிற இடத்தில் விறைத்துவிடும். குலுங்கக் குலுங்க அந்த இடத்தில்தான் ஒடியும். எனவே ஈயம் நட்சத்திரத்தில் மட்டும். சுவிட்ச், ஃப்யூஸ், பேட்டரி முனை எல்லாவற்றிலும் லக் வைத்து நெரித்துப் பிடியுங்கள். நெரித்த பிறகு ஒயரை நன்றாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. ஒயர் மரத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் க்ரோமெட். வண்டித் தகட்டில் துளை போடாதீர்கள். புதிய வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் கூரையோரத்துக்கும் தூண்களுக்கும் ஒயரைக் கொண்டுபோகவே கூடாது; பெட்டிகளின் உட்புறமாகவே எல்லா ஒயரும் போகட்டும்.

ஒயர்களைக் கட்ட பிளாஸ்டிக் டை வேண்டாம் என்பது என் கட்சி. சூட்டில் நாளாக நாளாக அது மொறுமொறுப்பாகி வெடித்துவிடும், வெட்டிய முனை கையைக் கிழிக்கும். இணைப்பகத்தில் நூற்றுக்கணக்கான ஒயர்களை மெழுகு நூலால்தான் கட்டுவோம்; ஒரே நூல், இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, ஒயர் நசுங்காத இறுக்கம். செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் மெழுகு நூல் அதற்கு நன்றாகவே ஒத்துவரும். பிரிக்கவேண்டுமென்றால் ஒரு பிளேடு போதும்.

பேட்டரியும் பேனலும்

வண்டியின் பேட்டரியிலிருந்தே எடுக்கலாமா என்றால், விளக்குக்கு மட்டும் என்றால் எடுக்கலாம். அதற்கு இது பெரிய சுமையில்லை. ஆனாலும் தனி பேட்டரி வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன். வண்டியின் ஒயரிங்கில் கை வைக்காததால் வாரண்டித் தகராறு கிடையாது, காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலையும் கிடையாது.

யுபிஎஸ்ஸுக்கு விற்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் எஸ்எம்எஃப் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய லெட் ஆசிட் வகை) ஒன்று போதும். ஒரு ராத்திரிச் செலவைக் கூட்டிப் பாருங்கள்: சமையல் விளக்கு ஒரு மணி, படிப்பு விளக்கு இரண்டும் இரண்டிரண்டு மணி, கூரை வெளிச்சம் இரண்டு மணி. ஏழு விளக்கு-மணி, ஒவ்வொன்றும் 0.106 ஆம்பியர்; 0.74. விடிய விடிய எரியும் சிவப்பைச் சேர்த்தாலும் 0.8 ஆம்பியர்-அவர்தான். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது. அப்படிப் பார்த்தாலும் சூரியனே இல்லாமல் நான்கு ராத்திரி தாங்கும்.

சார்ஜ் ஏற்ற 20 வாட் சோலார் பேனலும் பிடபிள்யூஎம் என்ற எளிய வகைச் சின்ன கன்ட்ரோலரும். நல்ல வெயில் நாளில் 4 ஆம்பியர்-அவர் உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழை மேகத்தில் அதில் கால்வாசி கிடைத்தாலும் அன்றைய செலவு ஈடாகிவிடும். கன்ட்ரோலரில் இணைக்கும் வரிசை முக்கியம்: முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழாக. பேட்டரி இல்லாமல் பேனலின் 21 வோல்ட் விளக்குக்கு வழி தேடிவிட்டால், கரன்ட் 350-ஐத் தாண்டிவிடும். நாம் போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது. விளக்கை அணைக்கும் வோல்டேஜைச் சில கன்ட்ரோலர்களில் நாமே வைக்கலாம். 11 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் 12-க்கு ஏற்றிவிடுங்கள்.

பேட்டரியை முன்பக்கம் வைக்காதீர்கள். ஈகோவின் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரிக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுசு பாதியாகும் என்பது இணைப்பகத்தில் நாங்கள் பின்பற்றிய பொதுக்கணக்கு. பின்பக்கம், மெத்தைக்கு அடியிலுள்ள பெட்டியில், தரையோடு பெல்ட் போட்டு இறுக்கி, பெட்டியில் காற்றுப்போக நாலைந்து துளை விட்டு வையுங்கள்.

ராமேஸ்வரம், தரங்கம்பாடி என்று கடலோரமாகவே போகிறவர்கள் லக் எல்லாவற்றிலும் வாஸலைன் மெல்லியதாகத் தடவுங்கள். உப்புக்காற்றில் பச்சை பூப்பது நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருகாணிகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். காலையில் பேனலில் வெயில் படுவதற்கு முன் பேட்டரியை அளந்தால் நிலவரம் தெரிந்துவிடும்: 12.8 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் அன்றைக்கே முழுதாக சார்ஜ் ஏற்றியாக வேண்டும். இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து ஒரே சமயத்தில் மினுக்கினால் ஃப்யூஸ் ஹோல்டரைப் பாருங்கள். ஒன்று மட்டும் மினுக்கினால் அதன் சுவிட்ச் லக்கைப் பாருங்கள். மாற்றுக்கு ஒரு மிட்டாய் டப்பாவில் மூன்று நட்சத்திர எல்இடி, இரண்டு 33 ஓம், நாலு ஊதா ஃப்யூஸ், கொஞ்சம் மெழுகு நூல். சின்னதாக, 12 வோல்ட்டிலேயே சூடாகும் சால்டரிங் அயர்ன் ஒன்றும் கிடைக்கிறது. அதை மட்டும் இந்தச் சின்ன பேட்டரியில் சொருகாமல் வண்டியின் சாக்கெட்டில் சொருகிக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் ஃப்யூஸ் அதைத் தாங்காது.